போர் ஓய்ந்த ஊரில் சிறுகடை: ஊர் திரும்புகிறவர்களுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு தொழில் வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறைகள், வீட்டிலேயே தேன்குழலும் சீப்புச்சீடையும் செய்து கடைகளுக்குப் போடும் பெண்கள், பனையோலையில் கொட்டான் முடைகிறவர்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து பேருக்குமேல் வேலைக்கு வைத்திராதவர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்து, இப்பட்டறைகளில் தொழில் கற்றுக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களில் சிலர் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கோ மன்னாருக்கோ திரும்பிப் போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணி, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1983-இல் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த போரில் உடைந்தவை வீடும் சாலையும் மட்டுமல்ல. காணி யாருடையது என்று சொல்லும் உறுதிப் பத்திரம், கொடுத்த கடன் திரும்பி வரும் என்ற எண்ணம், பக்கத்து ஊர்க்காரரோடு கொள்வினை விற்பனை வைத்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவையும் உடைந்தன. சாலையை அரசு போட்டுவிடும். மற்ற மூன்றையும் ஊருக்குள் இருந்து தொழில் செய்கிறவர்கள்தான் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செப்பனிட முடியும். ஒரு சிறுகடையால் நாட்டின் அமைதிக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், அந்தக் கடை யாருக்குக் கூலி தருகிறது, யாரிடம் சரக்கு வாங்குகிறது, கடனை எப்படிக் கொடுத்து எப்படித் திரும்பப் பெறுகிறது என்பதைப் பார்த்தால் போதும். அதே கடை தவறாக நடந்தால் ஆறிய புண்ணைக் கிளறிவிடவும் கூடும் என்பதால், இந்த வழிகாட்டியில் செய்ய வேண்டியவற்றோடு செய்யக் கூடாதவற்றையும் எழுதியிருக்கிறேன்.

முதற்படி: புறப்படும் முன் காகிதங்கள்

இதைப் பலரும் கடைசியாகச் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டும். முகாமில் இருந்தபோது இந்திய மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்குள்ள பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, குடியுரிமைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாமல் போனால் அங்கே தேசிய அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கும் இல்லை, தொழிற்பதிவும் இல்லை. பட்டறையில் தேர்ந்த கைகாரரான மகன், தன் பெயரில் ஒரு கடையைப் பதிய முடியாமல் தந்தையின் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் உழைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. 1984-இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தகைய ஆவணங்களைப் பெற நெடுங்காலமாக உதவி வருகிறது. அவர்களை முன்கூட்டியே அணுகுங்கள்.

இதனோடு, நீங்கள் வேலை செய்த பட்டறை உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள், என்னென்ன வேலை தெரியும், நாளொன்றுக்கு எவ்வளவு செய்வீர்கள் என்பது அதில் இருக்கட்டும். அங்கே கடன் கேட்கும்போதும் கூட்டுறவுச் சங்கத்தில் சேரும்போதும், நீங்கள் யாரென்று அறியாத ஊரில், உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம்படி: கடை போடும் இடம்

சொந்தக் காணி இருந்தாலும் முதல் ஆண்டில் அதில் கட்டடம் எழுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. முப்பது ஆண்டுகளாக ஆளில்லாமல் கிடந்த காணியில் வேறொரு குடும்பம், அதுவும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்த குடும்பம், குடியிருக்கக்கூடும். இலங்கைச் சட்டப்படி பத்து ஆண்டுகள் இடையறாமல் ஒரு நிலத்தைத் தன் வசம் வைத்திருப்பவர் அதற்கு உரிமை கோர இடமுண்டு. போரால் தம் காணிக்குப் போக முடியாதவர்கள் இதனால் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. உங்கள் நிலை இதில் எங்கே நிற்கிறது என்பதை மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குமுன் வேலியை நகர்த்துவதோ ஆள் கூட்டிப் போய்ப் பேசுவதோ வேண்டாம். குடியிருப்பவரோடு முதல் வாரத்திலேயே பகை ஏற்பட்டால், அந்தக் குடும்பத்தின் உறவினர் ஒருவரும் உங்கள் கடைப் படியை மிதிக்க மாட்டார்கள்.

காணி அரசின் அனுமதிப் பத்திரத்தில் உள்ளதா, உறுதி முடித்த தனியார் காணியா என்பதையும் பாருங்கள். வாடகைக்கு எடுத்தாலும் வாடகை வாங்குபவர்தான் உரிமையாளரா, உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இவருக்கு எழுத்தில் அதிகாரம் தந்திருக்கிறாரா என்று கேட்டு, ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருக்கும். பலகை இல்லை என்பதற்காகப் புதர்க்காட்டில் மண்ணைத் தோண்டிவிடாமல், கிராம உத்தியோகத்தரிடம் கேட்ட பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை செட்டிநாட்டுப் பழைய முறை ஒன்று இன்றைக்கும் பயன்படும். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் என்ற செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார், ஆளுக்கொரு கடை பிடிக்கவில்லை. கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் பல தொழிற்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்துத் தொழில் செய்யும் இடம், போட்டு உட்கார்ந்தார்கள். சமையலும் காவலும் பொது, கணக்கும் முதலும் தனித்தனி. ஊர் திரும்பும் நான்கைந்து குடும்பங்கள் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஒருவர் தையல், ஒருவர் மோட்டார் பழுது, ஒருவர் பலகாரம் என்று அமர்ந்தால் வாடகைச் சுமை குறைவதோடு, ஒரு வேலையாக வந்தவர் மற்றவர்களையும் பார்த்துவிட்டுப் போவார். கணவர் இறந்தோ காணாமற்போனோ தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு, ஒதுக்குப்புறமான தனிக்கடையைவிட இத்தகைய கூடம் பாதுகாப்பானது.

மூன்றாம்படி: எந்தத் தொழில்

போருக்குப் பின் உதவி வழங்க வந்த நிறுவனங்கள் பலவும் ஒரே ஊரில் எல்லோருக்கும் கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்தன. ஒரு தெருவில் பத்துத் தையல்காரர்கள் இருந்தால் பத்துப் பேருக்கும் பாதி வயிறுதான். ஆகவே போன உடனே தொழிலை முடிவு செய்யாமல், இரண்டு வாரம் ஊர்ச்சந்தியில் உட்கார்ந்து, வெளியூரிலிருந்து என்னென்ன வண்டியில் வந்து இறங்குகிறது, எதைச் செப்பனிட மக்கள் நகரம்வரை போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வருவதில் உங்கள் கைக்குத் தெரிந்தது எதுவோ, அதுவே உங்கள் தொழில்.

எடுத்துக்காட்டாக ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூ வடிவில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறோம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், பெரிய மின்சாரச் செலவும் இல்லை. கல் கனமானது என்பதால் கொழும்பிலிருந்து வரும் சரக்குக்கு வண்டிக்கூலி ஏறும், ஊரில் வார்ப்பதற்கு அந்தச் செலவில்லை. இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. பயனாளிகளே முன்னின்று கட்டிய அத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு இலங்கை ரூபாயில் 5,50,000 தவணைகளாகத் தரப்பட்டது. அந்தத் தொகைக்குள் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டு, தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்களே உங்கள் முதல் வாடிக்கையாளர்கள். ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள். அனுமதியில்லாத மணல் அங்கேயும் ஊரைப் பிளக்கும் பொருள். அனுமதிச் சீட்டு இல்லாத வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பலகாரம், மசாலைப்பொடி, பனையோலைப் பொருள் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. பனை யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் புதிதல்ல. பனங்கட்டியும், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் அவர்களுடைய சொந்தச் சொத்து. செட்டிநாட்டில் கொட்டான் முடையும் கலை ஏறத்தாழ மறைந்துபோய், பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்கப்பட்டது என்பதையும், அது இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, அங்குள்ள மூத்த பெண்களிடம் அவ்வூர்ப் பின்னலை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே கற்ற சாயமிடுதலையும் வடிவத்தையும் அதன்பின் சேர்க்கலாம். வெளியிலிருந்து வந்தவர் ஆசிரியராக நிற்பதற்குமுன் மாணவராக உட்கார்ந்தால் ஊர் ஏற்றுக்கொள்ளும்.

இறக்குமதிச் சரக்கை நம்பிய தொழிலைத் தவிருங்கள். அந்நியச் செலாவணியைக் காக்க இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது, இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2022-இல் அந்நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். உள்ளூர் மிளகாய், உள்ளூர் அரிசி, உள்ளூர்ப் பனை என்று நின்ற தொழிலுக்கு அத்தகைய காலத்தில் அடி சற்றுக் குறைவாக விழும்.

நான்காம்படி: முதலும் கடனும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

போர் முடிந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 நெடுஞ்சாலை திறந்ததும் வடக்கே முதலில் வந்து சேர்ந்தவற்றுள் கடன் நிறுவனங்களும் அடக்கம். நுண்கடன் என்ற பெயரில் பெண்களைக் குழுவாக்கி, வீட்டு வாசலில் பணம் கொடுத்து, வாரந்தோறும் வாசலிலேயே வசூலித்தார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கி, வசூல்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளியும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டார்கள். 2018-இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்வரையிலான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டியிருந்தது. போரில் தப்பிய குடும்பம் தவணையில் உடைந்தது என்றால், கடனை வளர்ச்சி என்று மட்டும் எண்ணியிருந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டும்.

இதைச் சொல்லும் உரிமை செட்டிநாட்டுக்காரர்களுக்கு உண்டா என்று கேட்டால், பட்டுத் தெரிந்தவர்கள் என்ற முறையில் உண்டு என்பேன். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களைக் காட்டிலிருந்து திருத்தப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தார். ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்யும் அளவுக்கு அங்கே ஒழுங்கும் இருந்தது. ஆனால் கடனுக்கு ஈடு நிலம். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் பயிர்நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடு ஆனது. அவர்களில் பலர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. பணமாகக் கிடைத்தால் போதும் என்றே இருந்தார்கள். அப்படியிருந்தும், நிலமிழந்த பர்மிய உழவர் கண்ணுக்குச் செட்டி நிலத்தைப் பிடுங்கியவராகவே தெரிந்தார். அந்த வெறுப்பு அங்கே அரசியலாயிற்று. 1941-42-இல் ஜப்பானியப் படை வந்தபோது நகரத்தார் ஓடி வந்தார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுகிறோம். அந்தத் தேக்கோடு வந்த பாடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

ஆகவே முதலைத் திரட்டும்போதும் கடன் கொடுக்கும்போதும் காணியை ஈடாக வைக்காதீர்கள், ஈடாக வாங்காதீர்கள். முதலுக்கு முதல் வழி சொந்தச் சேமிப்பு. இரண்டாவது, ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். அங்கே உறுப்பினராகிச் சில மாதம் சேமித்த பிறகே கடன் கேளுங்கள், அந்தக் காத்திருப்பே உங்களை ஊருக்கு அறிமுகம் செய்யும். வடக்கில் கூட்டுறவுக்கு நெடிய மரபு உண்டு. பனைத் தொழிலாளர்கள் 1970-களிலிருந்தே சங்கம் வைத்து நடத்தி வந்திருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் பணம் தந்தால் அது கொடையா, கடனா, பங்கா என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிற்காலத்தில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையற்றுப் போவதற்கு, எழுதாமல் விட்ட அந்த ஒரு தாள் காரணமாக இருந்ததை இங்கேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்காமல் கிராமத்தில் கடை நடத்த முடியாது. கொடுங்கள், ஆனால் ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு வைத்து, அவர்கள் கையிலும் ஒரு பற்று வரவுச் சிட்டை கொடுத்து, கொடுக்கும்போதே அதில் எழுதுங்கள். அறுவடைக்கு முன்னும் கடல் சீறும் மாதங்களிலும் தவணையைத் தள்ளிவையுங்கள். பாக்கி வைத்தவரின் பெயரைக் கடையில் எழுதித் தொங்கவிடுவதும், அவர் பிள்ளையைப் பிறர் முன்னிலையில் கேட்பதும் கூடவே கூடாது. பலமுறை இடம்பெயர்ந்து மானம் ஒன்றையே மிச்சமாகக் கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

ஐந்தாம்படி: யாரை வேலைக்கு வைப்பது, யாரிடம் வாங்குவது

முதல் இரண்டு ஆள் சொந்தக்காரராக இருப்பது இயல்பு. மூன்றாவது ஆளிலிருந்து கவனம் வேண்டும். முன்னாள் போராளிகளாக இருந்து அரசின் புனர்வாழ்வு முகாம் வழியாக வெளிவந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்கு வேலை கொடுக்க ஊரார் அஞ்சுகிறார்கள். கொடுத்தால் விசாரணை வருமோ என்ற அச்சம் அது. கை கால் இழந்தவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். கல்லில் நிறம் ஊற்றுவதும் மசாலைப்பொடியை எடை போட்டுப் பையில் அடைப்பதும் அத்தகைய வேலைகள். பெண்களை வைத்தால் இருட்டுமுன் வீடு சேரும்படி நேரத்தை அமையுங்கள். ஒருவரைக் கருணைக்காக வேலைக்கு வைத்ததாக ஊரில் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரே நாளில், கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் சில மணிகள் மட்டுமே. கடையையும் சரக்கையும் அப்படியே விட்டுவிட்டு நடந்தவர்களில் பலர் புத்தளத்தில் பத்தாண்டுகளுக்குமேல் அகதிகளாக வாழ்ந்தார்கள், சிலர் திரும்பியிருக்கிறார்கள். இதைத் தமிழராகிய நாம் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து மீண்டும் கடை போட்டிருக்கும் ஒரு முஸ்லிம் வணிகரிடம் உங்கள் சரக்கில் ஒரு பகுதியை வழக்கமாக வாங்குங்கள். 1983 சூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் ஆலைகளும் எரிக்கப்பட்டபோது, அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளர்களும் வேலையிழந்தார்கள். தொழிலில் ஒருவர் பிழைப்பு மற்றவர் பிழைப்போடு பின்னிக் கிடப்பதை எரிந்த பிறகு அறிவதைவிட, வாங்கி விற்கும்போதே அறிந்திருப்பது நல்லது. அநுராதபுரத்துச் சிங்கள வியாபாரியிடம் நெல்லோ பயறோ வாங்கினால், விலையோடு அவருடைய மொழியில் நான்கு வார்த்தையும் கற்றுக்கொள்ளுங்கள். விலைப்பலகையும் ரசீதும் இரு மொழியிலும் இருக்கட்டும். தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழிதான் என்பதால், தமிழை மேலே எழுதத் தயங்கவும் வேண்டாம்.

சாதி பற்றியும் ஒரு சொல். எந்தத் தெருக்காரரும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கும் கடையாக உங்கள் கடை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மாற்றலாம் என்றால் மாற்ற விடமாட்டார்கள்.

வெவ்வேறு தரப்பார் ஒரே இடத்தில் அன்றாடம் சந்திக்க வேண்டிய தேவையைத் தொழிலே உண்டாக்குவதற்கு ருவாண்டா நல்ல எடுத்துக்காட்டு. 1994 இனப்படுகொலைக்குப் பின், மரபா என்ற பகுதியில் 1999-இல் காப்பி உழவர்கள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பறித்த காப்பிப் பழத்தைச் சில மணி நேரத்துக்குள் கழுவிச் சதை நீக்காவிட்டால் தரம் கெட்டுவிடும். ஆகவே கொன்றவர் வீட்டு உறவினரும் கொல்லப்பட்டவர் வீட்டு உறவினரும் ஒரே கழுவு நிலையத்தில் கூடைகளோடு ஒரே வரிசையில் நின்றார்கள். அப்படி நின்றதால் எல்லாம் மறந்துவிடவில்லை. ஆனால் நல்ல காப்பிக்கு நல்ல விலை கிடைக்க, இருவர் பழமும் நன்றாக இருக்க வேண்டியிருந்தது. வன்னியில் பால் சேகரிப்பு நிலையமும் நெல் அரைக்கும் ஆலையும் மீன் ஏலம் விடும் இடமும் இதே வேலையைச் செய்யக் கூடியவை. உங்கள் கூடத்தில் ஒரு மாவு அரைக்கும் இயந்திரம் வைக்க முடிந்தால் வையுங்கள். அரைபடும்வரை எல்லாத் தெருப் பெண்களும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆறாம்படி: பதிவும் கணக்கும்

தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். வியாபார அனுமதிப் பத்திரம் பிரதேச சபையில் பெறுவது. உணவுத் தொழிலென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். சம்பள ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்திலிருந்து 8 விழுக்காடும் உங்கள் பங்காக 12 விழுக்காடும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 விழுக்காடும் கட்ட வேண்டும். சிறு கடைக்கு இது சுமைதான். ஆனாலும் பலமுறை எல்லாவற்றையும் இழந்த ஒருவர் பெயரில், யாராலும் எடுத்துவிட முடியாத ஒரு தொகை மாதந்தோறும் சேர்கிறது என்பதன் மதிப்பை எண்ணிக் கட்டுங்கள்.

கணக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள். குறிப்பேடு ஒன்று, பேரேடு ஒன்று போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தொகை போட்டு, கைப்பொருள் எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். 2022-இல் நடந்ததுபோல விலைவாசி வேகமாக ஏறும் காலத்தில், பழைய விலைக்கு விற்று லாபம் என்று எண்ணிக்கொண்டே முதலைத் தின்றுவிடுவார்கள். மறுபடி அதே சரக்கை வாங்க இன்று எவ்வளவு ஆகும் என்பதே கணக்கு.

நன்கொடை, கட்சி நிதி, விழாச் செலவு என்று யார் வந்தாலும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்ததையும் தேதியிட்டு எழுதிவையுங்கள். எல்லாக் கட்சியாரும் உங்கள் கடையில் தேநீர் குடிக்கலாம், எவருடைய கொடியும் வாசலில் வேண்டாம்.

செட்டிநாட்டில் இருந்து உறவு வைத்துக்கொள்கிறவர்களுக்கு

இங்குள்ள பட்டறைக்காரர்கள் அங்குள்ள சிறு தொழிலோடு சேர விரும்பினால், செய்த சரக்கை அனுப்பிக் குவிப்பதைவிட அச்சையும் செய்முறையையும் அனுப்புவது அந்த ஊருக்கு நல்லது. அங்கிருந்து ஓலைப்பெட்டியோ பனங்கட்டியோ வாங்கினால் பணத்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். உங்கள் இரண்டு மாதத் தாமதம் அங்கே ஒரு பெண்ணை மறுபடியும் நுண்கடன் வாசலில் நிறுத்திவிடும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கிய பின், போய்ப் பார்த்து முகம் தெரிந்து தொழில் செய்வது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. போகும்போது மீனவர் வீடுகளில், நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் அவர்களுடைய வலைகளையும் கடலடியையும் அழிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். நம் மீனவர்களின் துயரமும் நமக்குத் தெரியும். இருந்தாலும் எதிர்வாதம் பேசாமல் முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கடைசிப்படி: ஆண்டு முடிவில் எழுத வேண்டியது

வணிகத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் கொடுத்தது இந்த மண்ணின் வழக்கம். முதல் ஆண்டில் லாபம் இருக்காது. இருந்தால் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தனியே எடுத்து, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கோ எல்லோரும் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கோ கொடுங்கள்.

முதல் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, ஐந்தொகைக்குப் பின்னால் மூன்று தனிப் பக்கங்களை ஒதுக்குங்கள். ஒன்றில், இந்த ஆண்டு உங்களிடம் கூலி பெற்றவர்கள் யார் யார், எந்தெந்தத் தெரு என்று எழுதுங்கள். இரண்டாவதில், சரக்கு வாங்கியவர்களின் பெயரும் ஊரும். மூன்றாவதில், கட்ட முடியாமல் நின்ற கடன்களையும் அவற்றை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்நாளில் கொண்டுவிற்கப் போனவர்களின் தவணை மூன்று ஆண்டு. நீங்களும் மூன்று ஆண்டு இந்தப் பக்கங்களை எழுதிய பிறகு, ஒன்பது பக்கங்களையும் அருகருகே வைத்து, அடுத்த ஆளை எந்தத் தெருவிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.